அடி வாங்குகிற சத்தம்

அந்தக் கட்டடத்தின் நடு மாடியில் குடியிருந்தவளுக்குக் குரல் கொடுப்பது தொழில். பற்பசை விளம்பரத்தில் சிரிப்பாள், பொம்மைப் படத்தில் வாத்தாகக் கத்துவாள், ரயில் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிப்பாள். ஆனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் இவள் ‘சாம்பல்’தான்.

சாம்பல் என்பது ‘ஏழு வாசல்’ என்ற கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டில் வருகிற பெண். வாசலுக்கு ஒரு எதிரி. சாம்பலைத் தேர்ந்தெடுத்து ஆடுகிறவன் தோற்பது கடினம். அவள் காலைத் தூக்கும்போது தொண்டைக்குழியிலிருந்து “ஹெய்க்!” என்று ஒரு சத்தம் வரும். அது இவளுடைய குரல். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த கல்லூரிப் பையன்கள் இருவர், நெட்டையும் குட்டையும், படிக்கட்டில் இவளைப் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார்கள், காலைத் தூக்கி “ஹெய்க்!” என்பார்கள். இவளும் காய்கறிப் பையோடு “ஹெய்க்!” என்று பதில் மரியாதை செய்வாள்.

மத்தியான வேளைகளில் சமையலறைச் சுவரைப் பார்த்துக் கத்திப் பழகுவதும் உண்டு. மேல்வீட்டில் துணி தைக்கும் மாடி அக்கா மிஷினை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கேட்பாள்: “இன்னைக்கு யாரைடி கொல்றே?”

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தன்மையான மனிதர் என்று பேர் எடுத்தவர். வயதானவர்கள் வந்தால் காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். வீட்டில் அடிக்க நினைத்தால் முதலில் தன் கண்ணாடியைக் கழற்றுவார். துணியால் துடைப்பார். பெட்டியில் வைத்து மூடுவார். ‘டப்’. பிறகு அடிப்பார். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. காரணம் மட்டும் எதுவாகவும் இருக்கும்: சொட்டுகிற குழாய், எடுக்காத போன்.

அடி வாங்கும்போது இவள் வாயைத் திறந்ததில்லை. பயம் பாதிக் காரணம்தான். மீதி, தன் தொண்டையின் மேல் இருந்த நம்பிக்கை. என்றைக்காவது, இனித் தாங்காது என்கிற நாளில், ஒரே ஒரு தடவை நிஜமாகக் கத்தினால் போதும். மேலே மிஷின் நிற்கும், எதிர்க்கதவு திறக்கும், கட்டடமே ஓடிவரும். அந்த ஒரு கத்தலைக் கடைசி நகை போல அடகு வைக்காமல் வைத்திருந்தாள்.

‘ஏழு வாசல்’ சினிமாவாகிறது என்று தெரிந்ததும் பையன்கள் கதவைத் தட்டினார்கள்.

“அக்கா, சாம்பலுக்கு நீங்கதானே?”

“பின்ன வேற எவ?” என்றாள்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைப்பும் வந்தது. போனபிறகுதான் டைரக்டர் விஷயத்தைச் சொன்னார்.

“பேசுறது, அடிக்கிறது எல்லாம் ஹீரோயினே பண்ணிட்டாங்க மேடம். அடி வாங்குற சத்தம்தான் அவங்களுக்கு வரல.”

“சாம்பல் எங்க சார் அடி வாங்குவா?”

“கதைய மாத்திட்டோம். இடைவேளைக்கு அப்புறம் வாங்கிட்டே இருப்பா. அப்பதானே ஹீரோ வந்து காப்பாத்த முடியும்?”

“விளையாட்டுல ஹீரோன்னு ஒருத்தனே கிடையாதே.”

“அதனாலதான் அது விளையாட்டு. இது படம்.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒலிப்பதிவுக்காரர் உட்கார்ந்திருந்தார். ‘காது’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூச்சு மூக்கில் உரசினால்கூடப் பதிவை நிறுத்திவிடுவார்.

இவள் “ஆ” என்றாள். “அம்மா” என்றாள். அளவாக முனகினாள்.

“கொசு கடிச்ச மாதிரி இருக்கு மேடம். அங்க ஒருத்தன் பொளந்து கட்டுறான்!” டைரக்டர் சிரித்தார். “ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், நீங்க அடியே வாங்குனதில்லையா? வாத்தியார்கிட்டகூடவா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நெனச்சுப் பாருங்க.”

படத்தை மறுபடி ஓட்டினார்கள். திரையில் வில்லன், அடிப்பதற்கு முன் கையுறையைக் கழற்றினான். விரல் விரலாக, அவசரமில்லாமல். மடித்து மேஜைமேல் வைத்தான்.

இவள் கத்தினாள்.

அதை எழுத்தில் எழுத முடியாது. இத்தனை வருஷம் பல்லுக்குப் பின்னால் நின்றது முழுவதும் வந்தது. முடிவில், தாளில் இல்லாத இரண்டு வார்த்தைகள் தாமாக வந்து விழுந்தன: “யாராவது வாங்களேன்!”

காது தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “ஏம்மா... வீட்ல எல்லாம் சௌக்கியந்தானே?” என்று மைக்கில் கேட்டார்.

இவள் உதடு அசைவதற்குள் டைரக்டர் கைதட்டினார். “பின்னிட்டீங்க மேடம்! அந்த வசனத்தை எங்க புடிச்சீங்க? அப்படியே வச்சுக்கறோம். காது, எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வை.”

காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தான்களைப் பார்த்தார். “ஒன்ஸ் மோர்மா,” என்றார்.

திரும்பி வரும்போது தொண்டை லேசாக இருந்தது, நகையை விற்றுவிட்டு வருகிறவளின் கழுத்தைப் போல.

படம் வந்த அன்று கட்டடமே சேர்ந்து போனது. கணவரும் கடையை மூடிவிட்டு வந்தார். முதல் வாசல் அட்டையில் செய்தது என்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது. ஹீரோயினின் கால் இடுப்பைத் தாண்டவில்லை. கேமராதான் குனிந்து கொடுத்தது. ஏழு வாசலில் மூன்றை ஒரே பாட்டில் கடந்தார்கள்.

“டேய், கடைசி வாசல்லயாவது டிக்கெட் காசைத் திருப்பித் தருவானா?” என்றான் நெட்டை.

“அங்க நமக்கும் நாலு சாத்துவான், பேசாம உக்காரு.”

பிறகு வில்லன் கையுறையைக் கழற்றினான். அந்தச் சத்தம் வந்தது. பாப்கார்ன் தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். “யாராவது வாங்களேன்!” என்றதும் ஹீரோ சுவரை உடைத்துக்கொண்டு வந்து, “சாம்பலைத் தொட்டா சுடும்டா!” என்றான். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே வந்ததும் குட்டை சொன்னான்: “குப்பைப் படம்க்கா. சாம்பலைப் போய் அடி வாங்க விட்டுட்டானுங்க. உங்க கத்தல் மட்டுந்தான் நிஜம்.”

“நான் சீட்டை விட்டே எந்திரிச்சுட்டேன்டி,” என்று மாடி அக்கா இவள் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குப் பெருமையா இருந்திருக்குமே?”

“எனக்கே புதுசாத்தான் இருந்துச்சு,” என்றார் அவர், மூக்கின்மேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பியது. கத்தல் திரும்பவில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்துப் போனுக்குப் போன் அனுப்பினார்கள். படிக்கட்டில் “ஹெய்க்!” போய்விட்டது. குட்டை மேலிருந்து “யாராவது வாங்களேன்!” என்று அலறுவான், நெட்டை கீழிருந்து “தொட்டா சுடும்டா!” என்பான். துணி மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்றால் மாடி அக்காவே அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அங்க அவ்வளவு அழகா கத்துன. இங்க ஒரு நாளாவது அப்படிக் கத்தியிருக்கியா? ஏன், நம்ம அடி அவ்வளவு மட்டமா?”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ‘டப்’.

அன்றைக்குக் கையோடு நிற்கவில்லை. கதவுக்குப் போடும் கட்டையை எடுத்தார். இடது மணிக்கட்டில் ஏதோ முறிந்தது இவள் காதுக்கே கேட்டது. அந்த நாள் இதுதான் என்று இவளுக்குத் தெரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, முழு மூச்சை இழுத்துக் கத்தினாள்.

மேலே தையல் மிஷின் நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டும் தெளிவாகக் கேட்டன. நினைத்தபடியே எல்லாம் நடந்தது. காலடிகள் ஓடிவந்தன. அழைப்பு மணி அடித்தது.

அவர் கட்டையை வைத்தார், கண்ணாடியை எடுத்து மாட்டினார், வாசற்கதவை ஒருச்சாய்த்துத் திறந்து குறுக்கே நின்றார். வெளியே பையன்கள், கையில் போன். படிக்கட்டில் மாடி அக்கா, கழுத்தில் அளவு நாடா. அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது.

“நிஜமா அடிக்கிறாரு!” என்று இவள் உள்ளிருந்து அலறினாள். “யாராவது வாங்களேன்!”

“சாம்பலைத் தொட்டா சுடும்டா!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அந்தக் குப்பைக்கு ரெண்டாம் பாகம் வேறயா?” என்றாள் மாடி அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல்.

“அப்படித்தான் சொல்றாங்க. அதான் பிராக்டிஸ்.” அவரும் சிரித்தார். “ஞாயித்துக்கிழமையும் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டோம், மன்னிச்சுக்கணும்.”

“அட, நடக்கட்டும் சார்,” என்று நெட்டை போனைக் கதவிடுக்கில் நீட்டினான். “அக்கா, இன்னொரு தடவை! ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.”

இவள் கத்தினாள். இனிக் குரலே எழும்பாது என்கிற அளவுக்குத் தொண்டை கிழியக் கத்தினாள். படிக்கட்டில் கைதட்டல் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

மேலே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவர் உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் ரேகை ஒன்று படிந்திருந்தது. ஊதித் துடைத்தார். இவள் இனி வாய் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

‘டப்’.