தலைக்கு மேல் கட்டிய சேலை

ஷீலாவுக்குப் பயம் என்பது காலைக் காபி மாதிரி. அது இல்லாமல் பொழுது விடியாது. கேஸை மூடினோமா என்று பயம், மகள் மதுமதி பத்திரமாக ரோட்டைத் தாண்டினாளா என்று பயம், தி.நகரில் அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாலே பயம். அப்பேர்ப்பட்டவள்தான் மூன்று மாதமாக வாடகை தராமல் வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றாள்.

காரணம் மேலே இருந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள் காலை சீலிங்கிலிருந்து பெரிய காரைத் துண்டு பெயர்ந்து மதுமதியின் தலையணைமேல் விழுந்தது. பெண் அப்போதுதான் பல் தேய்க்க எழுந்து போயிருந்தாள். மேலே பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளித்தன. பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் பொன்ராஜ் வந்து அண்ணாந்து பார்த்து, “சரி பண்ணிருவோம்” என்றார். சொன்னதோடு சரி.

காரை உதிர்வது நிற்கவில்லை. கடையில் தீபாவளிக்குக் கொடுத்த மஞ்சள் சேலையை எடுத்து, ஜன்னல் கம்பி, பரண் கொக்கி, இரண்டு ஆணி என்று நாலு மூலையும் இழுத்து, கட்டிலுக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினாள் ஷீலா. பெரிய துண்டு விழுந்தால் சேலை தாங்காது என்று அவளுக்கும் தெரியும். மனசுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சேலை எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனபிறகுதான் அவள் வாயிலிருந்து அது வந்தது. “ரிப்பேர் பண்ற வரைக்கும் வாடகை கெடையாது அண்ணாச்சி. அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க.”

இந்த ஊரில் வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள்தான் கடைசி மாதங்களில் அப்படிக் கழிக்கச் சொல்வார்கள். ஊரறிந்த அந்த வழக்கம் ஆத்திரத்தில் ஷீலாவுக்கு மறந்து போயிற்று. பொன்ராஜுக்கு மறக்கவில்லை. மூன்று மாதம் பேசாமல் கழித்துக்கொண்டார். நாலாவது மாதம் கேட்டில் டு-லெட் அட்டையைத் தொங்கவிட்டார்.

லாரி ஓட்டும் கணவன் பிரபு எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து போனில் கத்தினான். “உன்ன யாருடி வாய வுடச் சொன்னது? இப்ப இன்னா பண்ணப் போற?”

என்ன பண்ணுவாள்? வேறு வீட்டுக்குக் கொடுக்க அந்த அட்வான்ஸில் மிச்சம் இருப்பதை விட்டால் கையில் ஒன்றும் கிடையாது. அது வராவிட்டால் நடுத்தெருதான். ஷீலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொன்ராஜ் வந்தார். கோபமே இல்லாமல் பேசினார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“இந்தா பாரும்மா, ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஆளு வாராவ. மேல பட்டி பாத்து வெள்ளையடிக்கச் சொல்லுதேன். நீ அந்தச் சேலையக் கழட்டிட்டு, நல்லபடியா வீட்டக் காமி. வாயத் தொறக்காம இருந்தேன்னா மிச்ச அட்வான்ஸ் முழுசும் உன் கையில தாரேன். இல்லேன்னா பெயிண்டு, பைப்பு, அது இதுன்னு நானும் கழிக்கத் தெரிஞ்சவன்தான்.”

“சரிங்க அண்ணாச்சி” என்றாள்.

சனிக்கிழமை பெயிண்டர் அறிவு வந்து துருப்பிடித்த கம்பிமேலேயே பட்டியை அப்பி வெள்ளையடித்தான். தாங்குமா என்று ஷீலா கேட்டாள். அவன் பிரஷ் கட்டையால் மேலே இரண்டு தட்டுத் தட்டினான். டொப் டொப் என்றது.

“கேட்டுதா? உள்ள ஒண்ணுமில்ல. இது வெறும் மேக்கப்பு” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் பொன்ராஜ் ஒரு இளம் தம்பதியை அழைத்து வந்தார். ஹபீபுர் ரஹ்மான், அவன் மனைவி ஷாகிரா, அவள் தோளில் தூங்கும் கைக்குழந்தை.

“ஏழு வீடு பாத்தாச்சுக்கா” என்றாள் ஷாகிரா. “பேரக் கேட்டதுமே ஆளு வந்துட்டாங்கன்னு சொல்லிர்றாங்க. இது நல்லா கீது. வெளிச்சமா கீது.”

ஷீலா தலையை மட்டும் ஆட்டினாள். சமையல்கட்டைப் பார்க்கப் போன ஷாகிரா, கை வலித்ததோ என்னவோ, போகிற போக்கில் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். சரியாக மதுமதியின் தலையணை இருக்கும் இடத்தில்.

ஷீலா அண்ணாந்து பார்த்தாள். மேலே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு நிமிஷம்தானே, எடுத்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இவர்கள் குடிவந்தால் தினமும் இங்கேதான் படுக்க வேண்டும், கட்டில் போட வேறு இடமே கிடையாது. பொன்ராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொழந்தயத் தூக்கும்மா” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. அவளே ஓடிப்போய்க் குழந்தையை வாரி ஷாகிராவின் கையில் திணித்தாள். பிறகு மூலையில் இருந்த ஒட்டடைக் கோலை எடுத்து மேலே ஓங்கி இடித்தாள்.

புது வெள்ளை பாளமாகப் பெயர்ந்து தலையணைமேல் விழுந்தது. பின்னாலேயே பழைய காரைத் துண்டு ஒன்றும் விழுந்தது. கட்டில் அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது.

ஹபீபுர் ரஹ்மான் கம்பிகளைப் பார்த்தான், பொன்ராஜைப் பார்த்தான், செருப்பை மாட்டினான். ஷாகிரா வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

“நீங்க எப்டிக்கா இங்க படுக்குறீங்க?”

ஷீலா கையிலிருந்த ஒட்டடைக் கோலை மூலையில் சாய்த்து வைத்தாள்.

அவர்கள் போனதும் பொன்ராஜ் சட்டையில் படிந்த தூசியை மெதுவாகத் தட்டினார். “ஒண்ணாந்தேதி காலி பண்ணிரு. அட்வான்ஸ் மட்டும் கேட்டு என் கடைப்பக்கம் வந்துராத” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஷீலா தரையில் உட்கார்ந்து அழுதாள். செய்தது தப்பு என்று அழவில்லை, பயத்தில் அழுதாள். டியூஷன் முடிந்து வந்த மதுமதி, கட்டிலையும் அம்மாவையும் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

பெருக்கி முடித்ததும் ஷீலா பெட்டியைத் திறந்து மடித்து வைத்திருந்த மஞ்சள் சேலையை எடுத்தாள். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஸ்டூல்மேல் ஏறி, ஜன்னல் கம்பியில் முதல் முடிச்சைப் போட்டாள். இன்று ராத்திரியும் அவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் படுக்க வேண்டும்.