இனி கேட்காதே

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது கேள்வி கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும், அப்டேட் வேண்டுமா என்று கேட்கும். மாமியார்கூட இத்தனை கேட்கமாட்டார். பதினைந்து வருஷமாக வீடு வீடாகப் போய் அதன் வாயை அடைப்பதுதான் என் பிழைப்பு.

அன்று காலை பத்து மணிக்கு மூன்றாவது மாடியில் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறவர். கணவர் இறந்து எட்டு மாதம், கம்ப்யூட்டர் அவருடையது. பக்கத்து அறையில் மகள் கத்திப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நல்ல தொண்டைக்கா," என்றேன்.

"அவங்கப்பா இருந்தவரைக்கும் வாயே திறக்கமாட்டா தம்பி. மாடிப்படியில அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ரெண்டு பேரும் ஊமையாயிடுவோம். இப்பதான் மூச்சு விடுறோம்." குரலைத் தாழ்த்தினார். "இது தினம் காலையில ஒண்ணு கேக்குது. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. எதுவும் கேக்காம வரணும், அவ்வளவுதான்."

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? ஊதித் தள்ளிடறேன்."

அவர் டீ போட உள்ளே போனார். பாஸ்வேர்டை நீக்கினேன். தானாகத் திறக்கும் ஏழு புரோகிராம்களை நிறுத்தினேன். மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பாஸ்வேர்டு எழுதிய சீட்டாகத்தான் இருக்கும், இனி எதற்கு என்று பிய்த்துக் கசக்கிப் போட்டேன்.

மறுபடி ஆன் செய்தபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'உள்ளே வரலாமா?' கீழே ஆம், இல்லை. அதற்கும் கீழே 'இனி கேட்காதே' என்று ஒரு கட்டம். எந்தப் புரோகிராம் கேட்கிறது என்று பெயர் இல்லை. பெயரை எவன் பார்த்தான்? பழகிய கை தானாகப் போனது. கட்டத்தில் ஒரு டிக், பிறகு ஆம்.

பன்னிரண்டே வினாடியில் திரை தயாராக நின்றது.

"ஆச்சுக்கா! உள்ள வரலாமான்னு கேட்டுச்சு. ஆம் குடுத்து அடைச்சுட்டேன். இனி ஜென்மத்துக்கும் கேக்காது."

டீயோடு வந்த அக்காவின் கையிலிருந்து டம்ளர் கீழே விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. தரையில் கிடந்த சீட்டை எடுத்துப் பிரித்து நீட்டினார். 'இல்லை மட்டும் அழுத்து' என்று அக்காவின் கையெழுத்தில் இருந்தது.

"எட்டு மாசமா நான் வேணாம்னு சொல்லிட்டிருந்தேன் தம்பி," என்றார்.

செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு புரோகிராமே இல்லை. ஒயரைப் பிடுங்கினேன், திரை அணைந்தது. அணைந்து என்ன பிரயோஜனம்? பாழாய்ப் போன என் கை செய்ததைச் செய்துவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல் மூன்று மாடியும் ஏறி வந்தது. உள்ளே வந்ததும் வாசல் கதவை நான்தான் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். யாரும் தட்டவில்லை, பெல் அடிக்கவில்லை.

பக்கத்து அறையில் பாட்டு பாதியில் நின்றது.