குடைக்கு ஒரு மழைக்கோட்டு

என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. நான் தைச்ச மடிப்புப் பை ஆன்லைன் கடையில நல்லா ஓடிட்டிருந்துச்சு. ஒரு நாள் பார்த்தா, கடைக்காரனே அச்சு அசலா அதே பையை முதல் பக்கத்துல வச்சிருக்கான். என்னுது ஒன்பதாம் பக்கத்துல. இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு சொல்வாங்க. இங்க இடம் கொடுத்தவனே பிடுங்கிட்டான்!

போட்டி ஆணையத்துல புகார் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரியம்மா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "அவங்களும் பை விக்கிறது மட்டும் தப்பில்லம்மா. உங்க விற்பனைக் கணக்கைத் திருட்டுத்தனமாப் பார்த்துக் காப்பி அடிச்சாங்கன்னு காட்டுங்க"ன்னாங்க. மூணு மாசம் கெடு. இல்லேன்னா கோப்பை மூடிடுவாங்க, நான் தையல் மெஷினை மூடிடணும்.

ஆத்திரத்துல தைச்சதுதான் குடைக்கு மழைக்கோட்டு. குடை நனையக் கூடாதாம்! "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"ன்னார் வீட்டுக்காரர். புத்தியுள்ள எவனும் வாங்க மாட்டான். அதுதான் எனக்கு வேணும்.

கடையில ஏத்திட்டு, சொந்தக்காரங்க அறுபது பேருக்கு போன் போட்டேன். "ஆளுக்கு அஞ்சு வாங்குங்க. நட்சத்திரம் போடாதீங்க, வெளியில மூச்சு விடாதீங்க." மொத்தம் எத்தனை வித்துச்சுன்னு எனக்கும், என் கணக்கைத் திறந்து பார்த்தா கடைக்காரனுக்கும் மட்டும்தான் தெரியும். போன பார்சலையெல்லாம் என் நாத்தனார் திரட்டி என்கிட்டயே கொண்டாந்து கொடுத்தா. அவங்க மறுபடி ஆர்டர் போட, அதையே நான் மறுபடி அனுப்பினேன். ஏழாவது வாரம் கடைக்காரனோட சொந்தக் குடைக்கோட்டு வந்துச்சு, முதல் பக்கத்துல, பாதி விலைக்கு. நான் குதிச்ச குதியில கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு.

விசாரணையில கடைக்காரனோட வக்கீல், "யார் கணக்கையும் நாங்க பார்க்கல. சந்தையில அதுக்குக் கிராக்கி இருந்துச்சு"ன்னார்.

"அந்தக் கிராக்கி மொத்தமும் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கு. எல்லாரும் எழுந்திரிங்க!"ன்னேன்.

அறுபது பேரும் எழுந்தாங்க. அதிகாரியம்மாவுக்கே சிரிப்பு அடங்கல.

"பொய் விற்பனை! மோசடி!"ன்னு எகிறினார் வக்கீல்.

"பொய்தாங்க. அந்தப் பொய் என் கணக்குல மட்டும்தானே இருந்துச்சு? உங்களுக்கு யாருங்க சொன்னா?"

மனுஷன் தண்ணி குடிச்சார். விக்கிறவங்க கணக்கைத் தொடக் கூடாது, தன் சரக்கை முன்னாடி தள்ளக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்!

உத்தரவு வாங்கிட்டு வெளியில வந்தா மழை. நாத்தனார் குடையை எடுத்தா. குடை மேல ஒரு கோட்டு. கோட்டு மேல கடைக்காரன் முத்திரை!

"அடிப்பாவி! அவனுதையா வாங்கின?"

"பாதி விலை அண்ணி. கோச்சுக்காதீங்க, தையலும் உங்களுதை விட நல்லாருக்கு."

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். நல்லாத்தான் தைச்சிருக்கானுங்க.