நாற்காலி ஏறிய உயரம்

கிரேனைக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டும் முறை துறைமுகத்துக்கு வந்த வருடம், ராயபுரம் அருள்நாதன் பயிற்சி நாற்காலியோடு கூரை வரை எழும்பினார். தலையில் அடிபடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் கிரேன் உச்சியிலுள்ள கேபினில், கண்ணாடித் தரை வழியே காலுக்கடியில் பார்த்துக் கண்டெய்னர் தூக்கியவர். சுமை ஆடுவது முதலில் இடுப்புக்குத்தான் தெரியும், அப்புறம் கைக்கு. ஆடாத நாற்காலியில் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் உடம்பு தனக்குப் பழக்கமான இடத்தைத் தேடி மேலே போய்விட்டது. செல்போனில் விளையாடிப் பழகிய இளைஞர்கள் ஒரே வாரத்தில் தேறிப் போனார்கள்.

பயிற்சி கொடுத்த ரமாபாய் அண்ணாந்து, "அண்ணே, பழச மறந்துட்டு புச்சா கத்துக்கோ," என்றாள்.

"மறந்துட்டா எத்த வெச்சிகினு கத்துக்கறது?" என்றார் மேலிருந்து.

ஆனாலும் வேலை வேண்டுமே. கீழே குனிந்து பார்க்கும் பழக்கத்தை விடச் சொன்னாள்; விட்டார். மழைக்காலம் முடிவதற்குள் நாற்காலி தரையைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம், இறந்துபோன மனைவி ஆன்சியின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றியபோது முகம் மட்டும்தான் தெரிந்தது. உயிரோடிருந்தபோது வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேபினைப் பார்த்து ஈரத்துண்டை ஆட்டுவாள். ஆட்டுவாள் என்பது தெரிந்தது. ஆட்டிய கை நினைவில் வரவில்லை. அவளை அப்படிப் பார்த்ததெல்லாம் மேலேயிருந்துதான். கீழே பார்ப்பதை விட்டபோது அவளும் கூடவே போயிருந்தாள்.

மறுநாள், "நான் மேலயே போறேம்மா. வேல போனா போவுது," என்று காரணத்தையும் சொன்னார். ரமாபாய் கூரைத் தகட்டைக் கழற்றச் சொன்னாள், நாற்காலியோடு திரையும் மேலே போக ஒயரை நீட்டினாள். "திரையில வலப்பக்கம் ஒரு கட்டம் கீதே, அது உன் வலது முட்டிக்குக் கீழ தெரியுமே, அந்த எடம்," என்று அவர் பார்த்த காட்சியிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கையும் பழகிவிட்டது. நாற்காலி பழைய கேபின் உயரத்தில் போய் நின்றது. மொட்டைமாடி அங்கிருந்து தெரிந்தது, காலியாக. ஆன்சி நின்ற விதம் திரும்பி வந்தது, அவள் வரவில்லை.

வேலை அப்படியே நிலைத்துவிட்டது. டீயைக் கயிற்றில் கட்டி அனுப்புகிறார்கள். பேச்சுத்தான் எட்டுவதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் இரண்டு நாள் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் திரைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பிரிவில் ரெயின்கோட் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.