மேகத்தோடு ஒரு விசிட்டிங் கார்டு

ஆவூர் வட்டாரத்தில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர்களில் கலைஞன் என்று சொல்லத் தக்கவன் ஃபிரெடி ஒருவன்தான். இதை அவனே சொல்லியிருக்கிறான். மற்ற கேமராக்காரர்கள் மறுத்துப் பேசவில்லை; அவர்களுக்கு வேலை இருந்தது.

ஃபிரெடிக்கும் ஒரு வேலை வருவதாக இருந்தது. துபாயிலிருந்து திரும்பிய அருள்தாஸ் என்பவர் அன்னவாசலில் வரிசையாகக் கடைகள் கட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேமரா வைக்க வேண்டும். ஃபிரெடி போய்ப் பேசிவிட்டுக் கிளம்பும்போது, "கார்டு இருந்தா குடுத்துட்டுப் போங்க தம்பி, கூப்பிடுறேன்" என்றார். ஊர் உலகம் செய்வதுபோல் துண்டுத்தாளில் நம்பரை எழுதிக் கொடுக்க ஃபிரெடிக்கு மனம் வரவில்லை. "கொண்டாந்து தாரேன் சார்" என்று வந்துவிட்டான்.

வீட்டில் அம்மா ஜெபமாலையம்மாள் தெளிவாக இருந்தாள். "இந்த வேலை வந்துச்சுன்னா இங்கிட்டே இரு. வரலையா, ஒங்க மாமா அனுப்புற விசாவுல கத்தாருக்குக் கெளம்பு."

கத்தார் வெயிலில் கலைக்கு என்ன மரியாதை இருக்கும் என்று யோசித்துப் பார்த்தவன், உடனே தங்கச்சி ஏஞ்சலின் கணினி முன்னால் உட்கார்ந்தான். புதுக்கோட்டையில் கொடுத்தால் மாலைக்குள் அடித்துத் தந்துவிடுவார்கள்தான். ஆனால் மளிகைக் கடைக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் ஒரே எழுத்தில் அடிக்கிறவர்களிடம் தன் எதிர்காலத்தை ஒப்படைப்பதா?

சித்தப்பா மகன் கல்யாணத்தில் கோட்டு போட்டு, மேலே பார்த்தபடி எடுத்த படம்தான் அவனுக்குப் பிடித்தது. அதை முட்டை வடிவில் வெட்டி, ஓரத்தைப் புகைபோல் கரைத்தான். பின்னணியில் வெளிர்நீல வானமும் நாலைந்து மேகங்களும்.

"மேகம் எதுக்குண்ணே?" என்றாள் ஏஞ்சல்.

"கேமராவுல பதியிறதெல்லாம் கிளவுடுலதானே ஏறுது. அதுக்குக் குறியீடு. ஒனக்குப் புரியாது."

அட்டையைச் சுற்றிப் பட்டையாகக் கறுப்புக் கரை கட்டினான். அது கம்பீரம். 'சிசிடிவி' என்ற சொல்லை எடுத்துவிட்டான். அது பச்சையாக இருந்தது. பதிலுக்கு, 'மேலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்' என்று சொந்தமாக ஒரு வரி எழுதினான். அம்மா எட்டிப் பார்த்து, "உச்சியில ஒரு சிலுவை வையிடா" என்றாள். அதையும் வைத்தான். கடையின் பெயரும் போன் நம்பரும் அடியில், மெல்லிய தங்க எழுத்தில்.

பிரிண்டரில் கறுப்பு மை தாராளமாக இருந்தது. மஞ்சள்தான் கடைசி மூச்சில் இருந்தது. தங்க எழுத்துகள் வெள்ளைத் தாளில் இருக்கின்றன என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தன. "தரமான பொருள் கத்தாது" என்று அதற்கும் ஃபிரெடியிடம் விளக்கம் இருந்தது.

ஏஞ்சல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கேயோ பாத்த மாதிரியே இருக்குண்ணே."

"நல்ல டிசைன் அப்படித்தான் தோணும்."

"லட்சணமா இருக்கு" என்று அம்மா உதட்டில் ஒற்றி முத்தி செய்து, ஒன்றைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் போன நேரம் அருள்தாஸ் வீடு பூட்டியிருந்தது. அட்டையை வாசல் கேட்டின் கம்பியில் செருகிவிட்டு வந்தான். ஒரு வாரம் ஆயிற்று. போன் வரவில்லை. பெரிய மனிதர்கள் நல்ல வேலைப்பாட்டை நிதானமாக ரசிப்பார்கள் என்று காத்திருந்தவன், அம்மா பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்ததும் பைக்கைக் கிளப்பினான்.

கதவைத் திறந்தது அருள்தாஸின் மனைவி ஷர்லி. அவனைப் பார்த்தவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்னங்க, செத்த இங்கிட்டு வாங்க."

அருள்தாஸ் வந்து அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "தம்பி, ஒங்க கூட ரெட்டைப் பிள்ளையாப் பொறந்தவங்க யாரும் இருந்தாங்களா?"

"இல்லையே சார். நான்தான் ஃபிரெடி. கேமரா விஷயமா…"

அவர் உள்ளே கைகாட்டினார். மாதா சுரூபத்தின் காலடியில் மெழுகுதிரி எரிந்தது. அதன் வெளிச்சத்தில், மேகங்களுக்கு நடுவே, கோட்டு போட்ட ஃபிரெடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறந்தவர்களுக்காகச் சர்ச்சில் வைக்கும் நினைவுப் பூசையில் படமும் வசனமும் போட்டு அட்டை கொடுப்பார்கள். அம்மாவின் ஜெபப் புத்தகம் அந்த அட்டைகளால்தான் உப்பியிருந்தது. பிறந்ததிலிருந்து அவன் கண்ட கலைக்கூடம் அது ஒன்றுதான்.

"சின்ன வயசு, இப்படிப் போயிருச்சேன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல" என்றாள் ஷர்லி. "சாமியார்கிட்டச் சொல்லி ஒங்களுக்கு ஒரு பூசையும் வச்சுட்டோம்."

"சார், அந்தக் கேமரா வேலை?"

"நீங்கதான் இல்லைன்னு ஆயிப்போச்சே தம்பி. புதுக்கோட்டை பிரவீன்குமார்கிட்டக் குடுத்துட்டேன். மாட்டியாச்சு." அருள்தாஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அந்தத் தம்பி நம்பரைத் துண்டுத்தாள்ல எழுதிக் குடுத்துச்சு."

ஃபிரெடியின் கண்ணில் பாஸ்போர்ட் தெரிந்தது. திரும்பி நடந்தான். பைக்கில் சாவியைப் போடும்போது ஷர்லி வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, அந்த அட்டை எங்க அடிச்சது?"

"நானே வீட்டுல அடிச்சதுங்க."

"எங்க மாமனாருக்கு அடுத்த மாசம் வருச நினைவு. இதே மாதிரி முந்நூறு வேணும். அந்த மேகம் கட்டாயம் வேணும். அந்த வசனம் பைபிள்ல எந்த ஆகமத்துல வருது?"

ஃபிரெடி சாவியை வெளியே எடுத்தான். முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஆகமம் இல்லங்க. நான் எழுதினது."

"பாருங்களேன்" என்றாள் ஷர்லி, உள்ளே திரும்பிக் கணவரிடம். "உசுரோட இருக்கும்போதே தம்பி எப்படி எழுதியிருக்கு."