அறுந்திருக்க வேண்டிய நூல்

தங்கச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்தால் முதலில் விட்டுக்கொடுப்பது கொக்கிதான். இருபத்திரண்டு காரட் தங்கம் மென்மையானது. கொக்கியின் வளைவு திடீர் இழுப்பில் நிமிர்ந்துவிடும், சங்கிலி திருடன் கைக்குப் போய்விடும், கழுத்தில் ஒரு சிவந்த கோடு மட்டும் இருக்கும். நகை போனதற்காக அழலாம். ஆனால் அந்தக் கொக்கி அவ்வளவு சுலபமாக நிமிர்வதால்தான் கழுத்து தப்புகிறது.

இதை எனக்குச் சொன்னவர் வடிவேலு. முன்பு காவல் துறையில் இருந்தவர். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று சனிக்கிழமை தற்காப்பு வகுப்பு நடத்தினார். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கடைக் கண்ணாடியில் பார்ப்பது, முனை திரும்பும்போது சுவரை ஒட்டாமல் அகலமாகத் திரும்புவது, இப்படிப் பல. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: பிடுங்குகிறவனோடு மல்லுக்கு நிற்காதே. பொருளை விடு, கத்து, ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடு.

இருபத்தாறு வருடமாக ஏர்கான் பழுதுபார்க்கிறேன். எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எனக்கு அன்றைய நாள் நன்றாக இருக்கும். கேட்டதை வீட்டில் அப்படியே என் மனைவி அல்போன்சம்மாளிடம் ஒப்பிப்பேன்.

"சிங்கப்பூர்ல யாரு பிடுங்கப் போறா? நீங்க வேற," என்றாள்.

"இங்க அபூர்வம். அதனாலதான் யாரும் தயாரா இருக்கறதில்ல. தயாரா இல்லாத ஆளத்தான் தேடுவான்."

"சரி சார். அடுத்த வகுப்பு எப்போ சார்?"

போன மாதம் அவளுடைய தாலிச் சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்துவிட்டது. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில் ஒரு நகைக்கடையில் கொடுத்தோம். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் தாலி கழுத்தில் இருக்க வேண்டுமே. எங்கள் தாலியில் சிலுவை பதித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கணவன் உயிரோடு இருக்கையில் அது கழுத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதில் கத்தோலிக்கர் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அதனால் சங்கிலி திரும்பி வரும்வரை மஞ்சள் நூலில் கோத்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வது வழக்கம்.

பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும் என்று எனக்குப் பட்டது. தாலி எங்காவது ரயிலில் விழுந்தால் அவள் தாங்க மாட்டாள். அதோடு வகுப்பு வேறு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஈசூன் அணைக்கட்டில் மீன் பிடிக்க வைத்திருக்கும் தூண்டில் நரம்பை எடுத்தேன். முப்பது பவுண்டு தாங்கும் நரம்பு. இரண்டு இழையை மஞ்சள் நூலுக்குள் வைத்து முறுக்கி, அதை இரட்டையாக மடித்தேன். ஆக நான்கு இழை, நூற்றிருபது பவுண்டு. வெளியே பார்த்தால் சாதாரண மஞ்சள் கயிறு.

"இப்ப எவன் இழுத்தாலும் அறாது," என்று சொல்லிக் கட்டிவிட்டேன்.

அவள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். "தாலிக்குக் கயிறு கேட்டா கப்பல் கட்டற கயிறு குடுக்கறீங்களே," என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சங்கிலியை வாங்கப் போனோம். கடையில் இருந்த பெண், "இங்கயே மாத்திக் குடுக்கட்டுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அல்போன்சம்மாள் மறுத்துவிட்டாள். ஓஃபிர் ரோட்டுக் கோவிலில் மாலைப் பூசைக்கு முன் ஃபாதர் சங்கிலியை மந்திரித்துக் கொடுப்பார், அதற்கப்புறம் நான் என் கையால் போட வேண்டும். அதுதான் முறை. நடந்தே போகலாம், கால் மணி நேர தூரம்.

என் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சங்கிலி என் முன் பாக்கெட்டில். அவள் பையில் ஒரு குடையும் பாட்டுத் தாளும் மட்டும். "பைய இழுத்தா விட்டுடு, என்ன?" என்றேன்.

"விட்டுடறேன். குடை போனா நீங்கதான் வாங்கித் தரணும்."

பையை மட்டுமே யோசித்தேன். கையில் இருப்பதை விடலாம். கழுத்தில் இருப்பதை எப்படி விடுவது? இந்தக் கேள்வி வகுப்பில் எனக்கு வரவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. நகைக்கடையிலிருந்து வெளியே வரும் ஒரு பெண்ணின் கழுத்தில் சங்கிலி இல்லாமல் மஞ்சள் கயிறு இருந்தால், அந்த வழக்கம் தெரிந்தவனுக்கு அது ஒரு சேதி. கயிற்றின் நுனியில் தங்கம் தொங்குகிறது, கயிறு வெறும் நூல், இழுத்தால் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதையை அடைத்திருந்தது. டன்லப் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பின்சந்துக்குள் நுழைந்தோம். கடைவீடுகளின் முதுகுப் பக்கம் அது. குப்பைத் தொட்டிகள், உணவகங்களின் பின்கதவுகள், சுவர் நெடுக ஏர்கான் கம்ப்ரஸர்கள். ஒன்றிலிருந்து போகும் குழாயில் பனி கட்டியிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"அல்போன்ஸ், அங்க பாரு. சூடான ஊர்ல குழாய்ல பனி. ஏன் தெரியுமா?"

"பூசைக்கு நேரமாச்சு லா," என்றபடி அவள் மூன்று எட்டு முன்னால் போனாள்.

"கேஸ் கொறைஞ்சா அழுத்தம் கொறையும். அழுத்தம் கொறைஞ்சா உள்ள இன்னும் குளிரும்," என்று விரலை நீட்டிக் காட்டினேன். கண் மேலே, முதுகு சந்தின் வாய்க்கு. வடிவேலு செய்யாதே என்று சொன்ன எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிடத்தில் செய்துகொண்டிருந்தேன்.

என்னைத் தாண்டி ஒருவன் போனான். தொப்பி, முகக்கவசம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அவள் பின்கழுத்தில் கையை விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

அறவில்லை.

அவன் எதிர்பார்த்தது வெறும் நூலைத்தான். வந்த பக்கமே திரும்பி ஓடும் வேகத்தில் இழுத்ததால் அவன் உடம்பின் முழு எடையும் அந்தக் கயிற்றில் விழுந்தது. பின்னாலிருந்து இழுத்தால் கயிறு முன்பக்கத் தொண்டையில் அமுங்கும். அதே விசை அகலமான பட்டையில் விழுந்தால் அழுத்தம் பரவிவிடும். மெல்லிய நரம்பில் விழுந்தால் ஒரே கோட்டில் இறங்கும். கத்தி வெட்டுவதும் அப்படித்தான். அல்போன்சம்மாள் மல்லாக்க விழுந்தாள். கயிறு அவன் விரல்களில் சிக்கியிருந்ததா, பேராசையா, தெரியாது. மறுபடி இழுத்தான். மூன்றாவது முறையும் இழுத்தான். அவள் தரையில் இழுபட்டாள். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. தொண்டை மூடினால் சத்தம் எங்கிருந்து வரும்?

நான் மூன்று எட்டு தள்ளி நின்றேன். ஓடலாம், கத்தலாம், அவன் முழங்காலில் உதைக்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும். பயத்தில் மனிதன் ஒன்று அடிப்பான், இல்லையென்றால் ஓடுவான் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்றும் அது கோழைத்தனம் அல்ல, உடம்பு தானாகப் போட்டுக்கொள்ளும் பூட்டு என்றும் வடிவேலு சொல்லியிருந்தார். அது எனக்கு நடந்தது. கம்ப்ரஸரைக் காட்டிய விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

ஒரு பின்கதவு திறந்து, சமையல்காரர் ஒருவர் கரண்டியோடு, "டேய்! டேய்!" என்று கத்திக்கொண்டு வந்தார். அவன் கையை உதறிவிட்டு ஓடினான். மொத்தமும் ஐந்து விநாடிகூட இருக்காது. அவளருகில் மண்டியிட்ட பிறகுதான் என் குரல் எனக்குத் திரும்பி வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அந்தச் சமையல்காரர்தான்.

"என்னென்ன போச்சு, சார்?" என்று மருத்துவமனையில் வந்து கேட்ட இளம் காவல் அதிகாரியிடம், "ஒண்ணும் போகல," என்றேன்.

"ஆள் எவ்ளோ உயரம்? சட்டை என்ன கலர்?"

"பாக்கல."

"உங்கள க்ராஸ் பண்ணித்தானே போனான்?"

"மேல பாத்துக்கிட்டு இருந்தேன்." எதை என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே அல்போன்சம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டியது. முகத்தில் ஆக்ஸிஜன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விசில் சத்தம். தாதி ரக்ஷனா என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு உள்ள வீங்குது. ஸ்கேன் எடுக்கணும், டாக்டர் கேமரா விட்டுப் பாக்கணும். அந்தக் கயிறு வீக்கத்துக்குள்ள பதிஞ்சுடுச்சு. கட் பண்ணியே ஆகணும். நாங்க தொட்டா கைய புடிச்சுத் தள்றாங்க. ரொம்பப் போராடினா மூச்சு இன்னும் மோசமாயிடும். நீங்க சொல்லுங்க, ப்ளீஸ்."

போய் நின்றேன். கயிறு வீங்கிய சதைக்குள் ஒரு மஞ்சள் கோடாக மட்டும் தெரிந்தது. அவள் தாலியை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள்.

"அல்போன்ஸ், வெட்டணும்மா."

தலையை ஆட்டினாள். வேண்டாம். என் மார்பில் விரலை வைத்துக் காட்டினாள். நீங்கள் உயிரோடு இருக்கையிலா என்று கேட்கிறாள்.

"நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ மூச்சு விடணும்."

மறுபடி தலையாட்டல். விசில் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. குழாய் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. வழி அகலமாக இருந்தால் காற்று சத்தமில்லாமல் போகும். குறுகக் குறுக சீறும், இன்னும் குறுகினால் சீறல் மெலிந்து கீச்சென்றாகும். என் மனைவியின் தொண்டை எவ்வளவு அடைத்திருக்கிறது என்று காதாலேயே அளந்துகொண்டிருந்தேன். அளக்கத்தான் முடிந்தது.

"ஆன்ட்டி," என்றாள் ரக்ஷனா, "கயிறுதானே போகுது? தாலிய நீங்க கையிலயே வச்சுக்குங்க. யாரும் வாங்க மாட்டோம். ஸ்கேன் ரூம்லயும் நான் கூடவே வரேன், ப்ராமிஸ்."

அல்போன்சம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு தாலியை வலது கைக்குள் இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். அது சம்மதம் அல்ல. எதிர்க்க மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

ரக்ஷனா கத்தரிக்கோலின் நுனியைக் கவனமாகக் கயிற்றுக்கு அடியில் நுழைத்து அழுத்தினாள். மஞ்சள் நூல் பிரிந்தது. உள்ளே நரம்பு வழுக்கிக்கொண்டு நின்றது. மறுபடி அழுத்தினாள். அசைவில் அல்போன்சம்மாள் துள்ளினாள்.

"என்ன அங்கிள் இது? நூல்தானே?"

"நடுவுல வெட்டாதம்மா. முடிச்சுல வை. நரம்புக்கு முடிச்சுலதான் பலம் கொறைவு, பாதியாயிடும்," என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் விளக்கம் சொன்னது.

பின்கழுத்தில் மூன்று முடிச்சும் வரிசையாக இருந்தன. முதல் முடிச்சின் ஓரத்தில் கத்தரிக்கோல் கடித்தது. சின்னச் சின்ன வெடிப்பாக நான்கு இழையும் விட்டன. ரக்ஷனா கயிற்றைச் சதையிலிருந்து மெல்ல உரித்து எடுத்தாள். அது இருந்த இடத்தில் பள்ளம், நிறம் கறுத்துப்போயிருந்தது.

"யார் அங்கிள் நரம்பு போட்டுக் கட்டினது?"

"நான்தான்."

அவள் கட்டிலின் பூட்டைக் காலால் விடுவித்தாள். டாக்டர் வேகமாக வந்து, வீக்கம் கூடினால் குழாய் போட வேண்டிவரும், அதற்குள் வழி அடைத்துவிட்டால் கழுத்தில் துளை போட வேண்டிவரும் என்று சொல்லி, ஒரு தாளை நீட்டினார். எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டேன். ஏதாவது செய்யட்டுமா என்றும் கேட்டேன். "வெளிய வெயிட் பண்ணுங்க," என்றார்.

கட்டில் நகர்ந்தது. மூடிய கையோடு அல்போன்சம்மாள் போனாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியாத கழுத்து அது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். விசில் சத்தம் தாழ்வாரத்தில் அவளோடு போனது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன், கதவு வரைக்கும். அகலமான இரட்டைக் கதவு, ஓரமெல்லாம் ரப்பர். அது மூடியதும் சத்தம் நின்றுவிட்டது.

கதவின் ரப்பரில் காதை வைத்தேன். நின்றது கதவாலா, தொண்டையாலா என்று அங்கிருந்து கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.