எஞ்சின் கொட்டகையில் ஒரு பகல்

ஈஸ்டர் என்னும் பாஸ்காப் பண்டிகை முடிந்த இரண்டாம் வாரம், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவர் சவரிநாதன் ரத்தம் துப்பினார். துவைக்கிற கல்லில் சிவப்பாய் விழுந்ததைப் பார்த்து ஈறு கிழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு இருமல் வந்தது. இருமலோடு ஒரு கை நிறைய ரத்தம் வந்தது. ஊருக்குப் பெரியதனக்காரர், கோவில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர், அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேரி, அவ நோவு எனக்கு ஒட்டிக்கிச்சுடி" என்றார்.

அவள் என்றால் என் தங்கை அமலராணி. அவள் செத்து ஏழு வருஷம் கழித்து அந்த வாயில் அவள் பேச்சு வந்தது. அதுவும் அவள் மேல் பழி போடுவதற்கு. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அக்காள் தங்கை எங்கள் இருவரையும் அண்ணன் தம்பி இருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். என் கொழுந்தன் ஆரோக்கியமுத்து அப்போது இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. அவர் அங்கே இருந்தபோதுதான் அமலராணிக்கு இருமலில் ரத்தம் வந்தது. திருச்சிக்குக் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "க்ஷயம்தான். ஆனால் இப்போது நல்ல ஊசி வந்திருக்கிறது. சானடோரியத்தில் சேர்த்தால் பிழைத்துக்கொள்வாள்" என்று தெளிவாகச் சொன்னார். நான் கேட்டேன். என் கணவரும் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "இது வெளிய தெரிஞ்சா எம் மகளை எவன் கட்டுவான்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வயலுக்கு நடுவில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு ஒரு கொட்டகை உண்டு. ஆயில் நாற்றமும் புகைக்கரியும் உள்ள அந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய்ப் போட்டார். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், உள்ளே கால் வைத்தால் வீட்டுக்குள் வரக்கூடாது என்று எனக்குச் சட்டம். என் இடுப்பில் கைக்குழந்தை. "அக்கா, தண்ணியாவது கையில குடு" என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஐப்பசி மழையில் செத்துப்போனாள். கிட்டே யாரும் இல்லை.

ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொன்னார். கப்பல் ஏறி வந்த தம்பியைக் கட்டிப்பிடித்து, "பெரிய டாக்டரே கையை விரிச்சுட்டாருடா" என்று அழுதார். கண்ணீர்கூட வந்தது அந்த மனுஷனுக்கு! ஆரோக்கியமுத்து நம்பினார். வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல், அண்ணன் சொல்லைத் தட்டாமல், அதே வயலில் உழுதுகொண்டிருந்தார். நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரியதனக்காரர் ஒரு பக்கம், அவர் பெண்டாட்டி ஒரு பக்கம் நின்றால் ஊர் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவர் வாயாலேயே வரவேண்டும், அவர் தம்பி அதைக் கேட்கவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அன்று காலை கல்லில் கிடந்த ரத்தம் க்ஷயரோக ரத்தம் அல்ல. பார்த்த உடனேயே எனக்குத் தெரியும்.

முந்தின வருஷம் அவருக்குக் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறி, மூச்சு முட்டிச் சாகக் கிடந்தார். திருச்சி டாக்டர் பிழைக்கவைத்து, ரத்தம் உறையாமல் இளக்கமாகவே இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். அதை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கியதுமே இவர் எழுந்து, "அதையெல்லாம் அவகிட்டச் சொல்லுங்க, எனக்குக் கோவில் வேலை கெடக்கு" என்று வெளியே போய்விட்டார். கல்யாணத்துக்கு முன் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே என்று ஒன்று வேண்டும், அது கீரையில் நிறைய இருக்கிறது. இந்த மாத்திரை அதன் வேலையை அடக்கிவைக்கிறது. அதனால் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்காவது ரத்தம் கசிந்தால் உடனே வரவேண்டும், அதே வைட்டமினை ஊசியாகப் போட்டால் நின்றுவிடும்.

பாஸ்காவுக்கு முந்தின தபசுக்காலம் வந்தது. எங்கள் ஊரில் அந்த நாற்பது நாளும் கறி மீன் கிடையாது. மற்றவர்கள் பருப்பு, கத்தரிக்காய் என்று ஏதோ ஆக்கித் தின்பார்கள். பெரியதனக்காரர் அப்படித் தின்னலாமா? கேப்பைக்கூழும் முருங்கைக்கீரையும்தான், மூன்று வேளையும். அதை நாலு பேர் பார்க்கிற மாதிரி வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். நடுவில் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது ரத்தம் மறுபடியும் கெட்டியாகிவிட்டது என்று டாக்டர் முகம் சுளித்தார். "சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்டார். நான் வாயெடுத்தேன். "நீ சும்மா இரு. ஒண்ணும் மாறலைங்க" என்று என்னை அடக்கினார். டாக்டர் விரதத்தை நிறுத்தச் சொன்னால் ஊரில் மானம் போய்விடுமாம். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

பாஸ்காவோடு விரதம் முடிந்தது. வீட்டில் ஆட்டுக்கறியும் சோறுமாய் இருந்தது. கீரையைக் கண்டாலே இலையை விட்டு ஒதுக்கினார். கூட்டின மாத்திரை மட்டும் கூட்டினபடியே போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் போவோம் என்று சொல்லிப் பார்த்தேன். "பொழுது போகலையாடி ஒனக்கு?" என்றார். தோளில் கருநீலமாய்க் கன்றியிருந்ததைக் காட்டினேன். மூட்டை தூக்கினது என்றார். பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, அந்தக் காலையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. ஆனால் "அவ நோவு" என்று சொன்ன வாயைப் பார்த்தேன். மாத்திரைப் புட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன், இனி ஒன்றும் உள்ளே போகக்கூடாது என்று. அந்த மட்டுக்கும்தான் எனக்கு மனசு வந்தது.

"எந்திரிங்க. எஞ்சின் கொட்டகைக்குப் போவோம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "மேரி, அங்கிட்டு வேணாம்."

"வீட்டுல புள்ளைக இருக்குங்க. நீங்க போட்ட சட்டந்தானே?"

பயந்த மனுஷன் குழந்தை மாதிரி பின்னால் வந்தார். பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, கஞ்சியையும் தண்ணீரையும் வாசலில் வைத்துவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து இருமினார். "மேரி, தண்ணி" என்றார். வாசலில் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள் என்றேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வெயில் ஏற ஏற இருமல் கூடியது. துப்புவதும் கூடியது. உச்சிப் பொழுதில் எனக்குப் பயம் வந்தது. பாசத்தினால் வந்த பயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொல்லாமலே செத்துவிடுவாரோ என்ற பயம். இன்னும் ஒரு நாழிகை பார்ப்போம், பிறகு எப்படியானாலும் வண்டி கட்டச் சொல்லிவிடுவோம் என்று நான் எழுந்தபோது, "சாமியாரைக் கூப்பிடு. அவஸ்தைப் பூசுதல் குடுக்கச் சொல்லு" என்று அவரே கூப்பிட்டார்.

சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசுவதற்கு முன்னால், சாகிறவர் ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்கவேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. சாமியார் வந்தார். ஊரும் வந்தது, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வரப்போடு நின்றது. ஒருவரும் கொட்டகையை நெருங்கவில்லை. ஆரோக்கியமுத்து மட்டும் உழுத சேற்றுக்காலோடு ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச குத்தங்குறையை எல்லாரும் மன்னிச்சிருங்க" என்று என் கணவர் இழுத்து இழுத்துச் சொன்னார். கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"தெரியாமச் செஞ்சதை விட்ருங்க. தெரிஞ்சு செஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

சாமியார் திடுக்கிட்டார். "அதை எங்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லட்டும்மா."

"கடவுளுக்குத்தான் ஏற்கனவே தெரியுமே சாமி. இவுங்களுக்குத்தான் தெரியாது. என்னங்க, அமலராணியைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாரு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கொட்டகை வாசலில் கிடந்த கஞ்சிச் சட்டியைப் பார்த்தார். நரகத்துக்குப் பயந்தாரோ, என் முகத்துக்குப் பயந்தாரோ, தெரியாது. சொல்லத் தொடங்கினார். "பொழைச்சுக்குவான்னு சொன்னாருடா. ஊசி இருக்குன்னு சொன்னாரு. நாந்தான் சேக்கலை. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு இங்க கொண்டாந்து போட்டேன். விஷக்காய்ச்சல் இல்லைடா. நான் பொய் சொன்னேன்."

ஆரோக்கியமுத்து பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

ஏழு வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "எல்லாரும் துண்டை எறக்குங்க. இது க்ஷயம் இல்லை. மாத்திரை கூடிப்போச்சு. திருச்சியில ஒரு ஊசி போட்டா ரத்தம் நின்னுரும். வண்டியைக் கட்டுங்க. கீரனூர் போனா டாக்சி கெடைக்கும்."

என் கணவர் கண்ணை அகல விரித்து என்னையே பார்த்தார்.

ஆரோக்கியமுத்து மாடுகளை ஓட்டி வந்தார். நுகத்தடிக்குப் பக்கத்தில் வந்ததும் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "அன்னைக்கும் இந்த வண்டி இருந்துச்சுல்ல மதினி?" என்றார்.

"இருந்துச்சு."

அவர் பூட்டவில்லை. உள்ளே இருமல் கேட்டது. ஆரோக்கியமுத்துவைக் கட்டாயப்படுத்த இந்த ஊரில் யாருக்கும் யோக்கியதை இல்லை, எனக்கும் இல்லை.

"செத்தா அவருக்கு நல்ல சாவு தம்பி. எண்ணெய் பூசி, பாட்டுப் பாடி, மாலை போட்டு அடக்கம் பண்ணிருவாங்க. வேணாம். பொழைச்சு வந்து இந்தத் தெருவுல நடக்கட்டும்" என்றேன்.

அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பூட்டினார்.

வண்டியில் என் கணவர் தலை என் மடியில் இருந்தது, வேறு இடமில்லாததால். கப்பி ரோட்டில் ஏறியதும், முன்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கேட்காமல், "மேரி, என்னைக் காப்பாத்தணும்னு ஒனக்கு எப்பத் தோணுச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் தோணலைங்க. பேசாம வாங்க" என்றேன்.